அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

அன்புள்ள அம்மா,

திருமழபாடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்துக்குத் தனியாகப் பதில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பவை பல வீடுகளில் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிற கேள்விகள். அதனால் உங்கள் சம்மதத்தோடு இங்கேயே எழுதுகிறேன். உங்கள் பெயரையும் மகளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

மற்றவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு பைபோலார் நோய். மனநிலை சில மாதங்கள் கட்டுக்கடங்காமல் ஏறும், சில மாதங்கள் பாதாளத்துக்கு இறங்கும். வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டுச் சில ஆண்டுகளாக நன்றாக இருக்கிறார். இப்போது வரன் பார்க்கிறீர்கள். வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர், சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டில் கல்யாணம் பேசுகிறார்களா?" என்று உங்கள் மகளிடம் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், இந்த மாத்திரையைப் படிப்படியாக மாற்றியாக வேண்டும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றிருக்கிறார். இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்டதற்கு, வாரந்தோறும் வீடியோவில் ஒரு வகுப்பில் கலந்துகொள்வதாகவும், பெங்களூர்ப் பேராசிரியர்கள் நடத்துவதாகவும், அந்த வகுப்பு முறையே அமெரிக்காவில் உருவானது என்றும் சொல்லியிருக்கிறார். அங்கேதான் உங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக்காரன் பாடம் நம் பிள்ளைகள் உடம்புக்குச் சரிப்படுமா, என் மகளை வைத்துச் சோதனை செய்கிறார்களா, பேசாமல் கல்யாணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். பைபோலார் நோயில் மருந்தைச் சட்டென்று விட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். கல்யாண வீட்டுத் தூக்கக்கேடும் பரபரப்பும் அதோடு சேர்ந்தால் இன்னும் அதிகம். பெண் பார்க்க வரும் சமயத்தில் மாத்திரையை ஒளித்துவைத்து, பிறகு நிறுத்தி, புகுந்த வீட்டுக்குப் போன கையோடு மகள் நோயில் விழுந்த குடும்பங்கள் நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ. அந்தத் துயரம் உங்களுக்கு வர வேண்டாம்.

இனி அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கல்யாணம் பேசுகிறார்களா என்று அவர் கேட்டது ஊர்வம்பு கிடையாது. வால்ப்ரோயேட் சாப்பிடும் இளம்பெண்ணிடம் ஒவ்வொரு மருத்துவரும் கேட்டாக வேண்டிய கேள்வி அது. பிரான்சில் 1967-ல் வலிப்பு நோய்க்காகப் புழக்கத்துக்கு வந்த மருந்து இது. நல்ல மருந்து. வலிப்பை அடக்குகிறது, மனநிலை ஏற்றத்தை இறக்குகிறது. ஆனால் கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு முதுகுத்தண்டு, இதயம், அண்ணம் போன்ற இடங்களில் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். நூற்றுக்கு முப்பது, நாற்பது பேருக்குப் பேச்சு, படிப்பு, அறிவு வளர்ச்சியில் பின்னடைவு வருகிறது. முதுகுத்தண்டுக் குறை கர்ப்பத்தின் முதல் நான்கைந்து வாரங்களிலேயே, பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாத நாட்களில், ஏற்பட்டுவிடும். ஆகவே கர்ப்பமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது. கல்யாணப் பேச்சு எழும்போதே, அதற்கும் முன்னாலேயே, பேசிவிட வேண்டும்.

இந்தப் பாடம் மருத்துவர்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன். இதை உரக்கச் சொன்னவர்கள் உங்களைப் போன்ற தாய்மார்கள். மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாயான மரீன் மார்த்தேன் என்ற பிரெஞ்சுப் பெண் 2011-ல் அப்படிப்பட்ட குடும்பங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். பிரிட்டனிலும் தாய்மார்கள் போராடினார்கள். 2017 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய மருந்துகள் முகமை லண்டனில் தன் வரலாற்றின் முதல் பொதுவிசாரணையை நடத்தியது. அது இந்த வால்ப்ரோயேட் பற்றித்தான். பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் மருத்துவர்களின் முகத்துக்கு நேராக, எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனம், சிறப்பு மருத்துவர் இல்லாத இடங்களில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் சாதாரண மருத்துவர்களுக்காக வெளியிடும் வழிகாட்டியின் 2023 பதிப்பில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட் கொடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டது.

பிரான்சிலும் பிரிட்டனிலும் தாய்மார்கள் பேசிப் பெற்றது, ஜெனீவாவில் எழுதப்பட்டு, பெங்களூர் வழியாக அரியலூர் மாவட்டத்து டாக்டர் ஒருவரின் வாய்க்கு வந்து உங்கள் மகளிடம் கேள்வியாகியிருக்கிறது. மருந்து எழுதுவதைக் கற்பிப்பதில் நாடுகள் கைகோப்பது எதற்கு என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

உங்கள் டாக்டர் சொன்ன வகுப்பு முறையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர், இந்தியாவில் பிறந்தவர், 2003-ல் இதைத் தொடங்கினார். பெரிய, வறண்ட மாநிலம். அங்கே கல்லீரல் அழற்சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து நூற்றுக்கணக்கான மைல் வர வேண்டியிருந்தது. அவர் நோயாளிகளை வரவழைப்பதை விட்டுவிட்டு, அவர்கள் ஊர் மருத்துவர்களை வாரம் ஒரு முறை வீடியோவில் கூட்டினார். ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் ஒரு நோயாளியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் விவரிப்பார். நிபுணர்கள் யோசனை சொல்வார்கள். மற்றவர்கள் கேட்டுக் கற்பார்கள். எக்கோ என்று அதற்குப் பெயர். ஊர் மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சையும் பல்கலைக்கழக நிபுணர்கள் கொடுத்த சிகிச்சையும் ஒரே அளவுக்குப் பலித்தன என்று 2011-ல் ஆய்வு வெளிவந்தது. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 2014-ல் அந்த முறையை எடுத்துக்கொண்டு முதலில் குடிநோய், போதைநோய் சிகிச்சைக்கும் பிறகு மற்ற மனநோய்களுக்கும் நடத்தத் தொடங்கியது.

இது ஏன் தேவைப்படுகிறது? நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர் மனநலப் பிரிவில் செலவிடுவது சில வாரங்கள். அதற்குத் தனித் தேர்வுத் தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் ஒரு மூலையில் கேள்வி வரும், அதை விட்டுவிட்டும் தேறலாம். பிறகு அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும்போது வருகிறவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வும் பதற்றமும். அவர்கள் தலைவலி என்பார்கள், நெஞ்சு படபடப்பு என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள். சத்து ஊசியும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பப்படுகிறார்கள். தூக்க மாத்திரை சில வாரங்களில் பழக்கமாகிவிடும், பிறகு விடுவது கஷ்டம். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சையே பெறவில்லை என்றது. இத்தனை பேருக்கும் மனநல நிபுணர் கிடைக்கப்போவதில்லை. ஆகவே சாதாரண டாக்டருக்குக் கற்றுக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கற்றுக்கொடுப்பதில் மருந்தின் பெயர் சுலபமான பகுதி. எவ்வளவில் தொடங்குவது, மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லிப் பொறுக்கவைப்பது, கை நடுங்கினால் அளவைக் குறைப்பதா இன்னொரு மாத்திரை சேர்ப்பதா, லித்தியம் என்ற மருந்தைக் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் எப்போதெல்லாம் பார்ப்பது, எப்போது மெல்ல நிறுத்துவது: இவையெல்லாம் கண்ணெதிரே நோயாளி இருக்கும்போதுதான் பிடிபடும். மாவட்டத் தலைநகரில் மூன்று நாள் பயிற்சி வைத்து, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவதை நான் பயிற்சி என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கொள்ளிடத்தில் இறக்குவது போன்றது அது. வாரந்தோறும், மாதக்கணக்கில், சந்தேகம் வரும்போது கேட்க ஓர் ஆசான் இருக்க வேண்டும். உங்கள் டாக்டருக்கு அப்படி ஒருவர் கிடைத்திருக்கிறார்.

இனி, நம் உடம்புக்குச் சரிப்படுமா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்வி மட்டுமல்ல, உலகம் முழுக்க மருந்தியல் பேராசிரியர்கள் இன்று கேட்கும் கேள்வியும் இதுதான். க்ளோசபின் என்று ஒரு மருந்து உண்டு. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கடைசியாகத் தரப்படுவது. வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடியது என்பதால் தொடர்ந்து ரத்தம் பார்க்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகளைப் பார்த்து எழுதிய அளவைத்தான் நம் மருத்துவர்களும் பாடமாகப் படித்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நம் நோயாளிகளின் ரத்தத்தில் இந்த மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். காப்பி குடிப்பது அந்த அளவை மாற்றுகிறது என்பதும் அதில் தெரிந்தது. (புகைப்பழக்கமும் மாற்றும், பீடியைத் திடீரென்று விட்டால் ரத்தத்தில் க்ளோசபின் ஏறிவிடும்.) ஆசியர்களுக்கு ஏறக்குறைய பாதி அளவே போதும் என்பதற்கு இப்படிப் பல நாடுகளிலிருந்து சான்று சேர்ந்தது. 2022-ல் 50 நாடுகளையும் நிலப்பகுதிகளையும் சேர்ந்த நூறு பேருக்கு மேற்பட்டோர் சேர்ந்து எழுதிய வழிகாட்டி, பாகிஸ்தான் முதல் ஜப்பான் வரையுள்ள மக்களுக்குத் தனியாக, குறைந்த அளவில் மெல்ல ஏற்றும் முறையை வகுத்தது. வேலூரில் எடுத்த ரத்தம் உலகப் பாடத்தைத் திருத்த உதவியிருக்கிறது.

கார்பமசெபின் என்ற இன்னொரு மருந்தும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட மரபணுக் கூறு உள்ளவர்களுக்கு அது தோலையே உரித்தெடுக்கும் கொடிய ஒவ்வாமையைத் தரலாம் என்று 2004-ல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தக் கூறு ஐரோப்பியரிடம் மிக அரிது. ஆசிய மக்களில் பல பிரிவினரிடம் அதிகம், இந்தியரிடமும் உண்டு. மேலைநாட்டுப் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இது தெரியவந்திருக்காது. ஜப்பான், சிங்கப்பூர் மருத்துவர்கள் முன்னின்று 2001 முதல் ஆசிய நாடுகளில் மனநோய்க்கு யார் எதை எவ்வளவு எழுதுகிறார்கள் என்று அவ்வப்போது கணக்கெடுக்கிறார்கள். முதலில் ஆறு இடங்களில் தொடங்கியது, பிறகு இந்தியாவும் சேர்ந்தது. ஒரே நோய்க்கு நாட்டுக்கு நாடு சீட்டு மாறுகிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக எழுதும் பழக்கம் ஆசியாவில் எவ்வளவு பரவலானது என்பதும் அதில்தான் வெளிப்பட்டது.

வெளிநாட்டுப் பாடம் என்கிறீர்கள், அம்மா. அந்தப் பாடத்தில் நம் பங்கு இருக்கிறது. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுகிறது என்று 1931-லேயே எழுதினார்கள். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. 1954-ல் நியூயார்க்கில் நேதன் க்ளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். இன்று மனநோய்க்கு அதைத் தருவதில்லை; மேலானவை வந்துவிட்டன. சாதாரண டாக்டரும் சுகாதார ஊழியரும் சில மருந்துகளை மட்டும் வைத்து மனநோயைக் கவனிக்கலாம் என்ற எண்ணமும் நம் கிராமங்களில் சோதிக்கப்பட்டதுதான். 1975 முதல் 1981 வரை உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் நடத்திய முயற்சியில் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி ஒரு களம். அதே காலத்தில் பெங்களூர் அருகே சகலவாராவில் நிமான்ஸும் தன் முயற்சியைச் செய்தது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. ஜெனீவா உலகத்துக்கான திட்டத்தை 2008-ல்தான் அறிவித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கே உரியது. மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதன்முறை தீவிர மனநோய்க்கு ஆளானவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் மாண்ட்ரியலைவிடச் சென்னையில் குறைவு. குடும்பம் கூடவே நின்றது அதற்கு ஒரு பெரிய காரணம். அம்மாவும் அண்ணனும் உடன் வந்து உட்காரும் வழக்கத்தில் மற்ற நாடுகள் நம்மிடம் படிக்க வேண்டியது இருக்கிறது.

எல்லாக் கூட்டுறவும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து மனநல மருத்துவர்களை வேலைக்கு அழைத்துக்கொண்டது. இருக்கும் கொஞ்சம் பேரையும் கொண்டுபோகிறீர்களே என்று மனநல மருத்துவர் விக்ரம் படேல் 2003-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலேயே கண்டித்து எழுதினார். மருந்துக் கம்பெனி பணத்தில் வெளிநாட்டு ஓட்டலில் நடக்கும் கருத்தரங்கையும் நான் கல்வி என்று சொல்ல மாட்டேன். அங்கே கற்பது பெரும்பாலும் புது மாத்திரையின் பெயர். 2024 மார்ச்சில் வந்த மத்திய அரசின் மருந்து விற்பனை நெறிமுறை, அப்படிப்பட்ட கூட்டங்களை வெளிநாட்டில் நடத்தத் தடை விதித்திருக்கிறது. இது முன்பே வந்திருக்க வேண்டியது. வகுப்புக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று எந்த டாக்டரிடமும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சோதனை பற்றிய பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மருந்துச் சோதனை என்றால் உங்கள் மகளிடம் தமிழில் எழுதிய விளக்கமும் ஒப்புதல் படிவமும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும். 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. டாக்டர் செய்திருப்பது தான் கற்றதை உங்கள் மகளின் நன்மைக்குப் பயன்படுத்தியது.

உங்கள் ஊரில் பங்குனியில் நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வைத்தியநாதர் சந்நிதியில் அர்ச்சனையும் செய்யுங்கள். அதற்கும் மாத்திரைக்கும் பகையில்லை. அதற்கு முன் ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பழைய சீட்டுகளையும் இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மாத்திரைக்கு மாற்றுகிறீர்கள், எத்தனை வாரத்தில், இடையில் தூக்கம் கெட்டால் யாரைக் கூப்பிடுவது, கர்ப்பத்துக்கு முன் ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பேச்சு முக்கால்வாசி உங்கள் மகளோடு நடக்கட்டும், உடம்பு அவருடையது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிய வீட்டில் எந்தப் பெண்ணும் நலமாக இருக்க முடியாது. மருத்துவமனையில் சந்தேகம் தீரவில்லையென்றால் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அந்தக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. முன்போல எல்லாவற்றுக்கும் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் போக வேண்டியதில்லை. நள்ளிரவானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். வலிப்புக்காகவோ மனநிலைக்காகவோ வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர் இதைப் படித்த பயத்தில் இன்றிரவு மாத்திரையை விட்டுவிட வேண்டாம். வலிப்பு நோயில் அது உயிருக்கே ஆபத்து. வழக்கம்போல் சாப்பிடுங்கள், அடுத்த மருத்துவமனை நாளுக்குக் காத்திராமல் இந்த வாரமே டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், இந்த மாத்திரை எனக்குச் சரியா?

அன்புடன்.